என் கம்ப்யூட்டரில் வருகிறதே! இணையத்துக்கு அனுப்பியதும் பக்கம் ஏன் குலைகிறது?

புதிதாகக் கம்ப்யூட்டர் வாங்கியவர்கள் சில மாதங்களில் செய்து பார்க்க ஆசைப்படும் விஷயங்களில் ஒன்று, சொந்தமாக ஒரு இணையப் பக்கம். நோட்பேடில் பத்து வரி எழுதி, இரண்டு படங்களைச் சேர்த்து, பைலின் மேல் டபுள் கிளிக் செய்தால் பிரவுசரில் பக்கம் அழகாகத் திறக்கும். பார்க்கப் பார்க்க மகிழ்ச்சியாக இருக்கும். அதையே இணையத்துக்கு அனுப்பி, நண்பரிடம் முகவரியைக் கொடுத்தால், "படமே வரவில்லையே" என்பார். நமக்குத் தலை சுற்றும்.

எனக்கும் இப்படித்தான் நடந்தது. பக்கத்து வீட்டு அக்கா வீட்டிலேயே பிளவுஸ் தைத்து, ஆரி வேலையும் செய்து கொடுப்பவர். ஞாயிற்றுக்கிழமை ஊரில் ஒரு கைத்தொழில் கண்காட்சி. அங்கே கொடுப்பதற்காக 300 விசிட்டிங் கார்டுகள் அச்சடித்து வைத்திருந்தார். கார்டில், நான் அவருக்காகச் செய்து கொடுத்த இணையப் பக்கத்தின் முகவரியும் இருந்தது. சனிக்கிழமை மாலை ஏழு மணிக்கு அக்கா வந்து நின்றார்.

"தம்பி, நீ அனுப்பிய லிங்கை அண்ணன் பொண்ணு போனில் திறந்து பார்த்தாளாம். ஒரு படமும் வரலையாம். எழுத்தும் ஏதோ கிறுக்கின மாதிரி இருக்காம்."

"என் கம்ப்யூட்டரில் நல்லா வருதே அக்கா" என்று திறந்து காட்டினேன். 14 படங்களும் பளிச்சென்று வந்தன.

அக்கா ஒரே ஒரு கேள்வி கேட்டார். "நாளைக்கு வர்றவங்க உன் கம்ப்யூட்டர்லயா தம்பி பார்க்கப் போறாங்க?"

அந்தக் கேள்விதான் இந்தப் பாடம். அன்று இரவு ஒவ்வொன்றாகக் கண்டுபிடித்த கோளாறுகளை அதே வரிசையில் இங்கே தருகிறேன். நீங்கள் பக்கம் செய்யும்போது இவற்றில் பாதியாவது நிச்சயம் எதிர்ப்படும். பைல் பெயர்களையும் கட்டளைகளையும் வாசிக்க வசதியாகத் தமிழில் எழுதியிருக்கிறேன். கீபோர்டில் ஆங்கில எழுத்துகளில்தான் டைப் செய்ய வேண்டும்.

வீடு வேறு, சர்வர் வேறு

பைலின் மேல் டபுள் கிளிக் செய்து திறக்கும்போது, பிரவுசர் இணையத்துக்கே போவதில்லை. உங்கள் ஹார்ட் டிஸ்க்கிலிருந்து நேரடியாகப் படிக்கிறது. மேலே உள்ள முகவரிக் கட்டத்தைக் கவனியுங்கள். அது "பைல்" என்று தொடங்கி, சி டிரைவ், உங்கள் பெயர் கொண்ட போல்டர் என்று போகும். தளத்தில் உள்ள பக்கத்தைத் திறந்தால் அது "எச்டிடிபிஎஸ்" என்று தொடங்கும். முதலாவது உங்கள் வீட்டுப் பிரதி. இரண்டாவது ஊர் பார்க்கும் பிரதி.

நான் செய்த முதல் தவறு இங்கேதான். பைல்களைத் தளத்துக்கு அனுப்பிய பிறகு, தள முகவரியில் ஒருமுறை கூடத் திறந்து பார்க்கவில்லை. வீட்டுப் பிரதியையே திரும்பத் திரும்பப் பார்த்துத் திருப்திப்பட்டுக் கொண்டிருந்தேன்.

முதலில் பாருங்கள், பிறகு மாற்றுங்கள்

பதற்றத்தில் கண்டதையும் மாற்றத் தோன்றும். நானும் முதல் பத்து நிமிடத்தில் பிரவுசரை அழித்து மீண்டும் நிறுவினேன். ஒரு பயனும் இல்லை. கோளாறு எனது பைல்களில் இருக்க, பிரவுசர் என்ன செய்யும்?

செய்ய வேண்டியது இதுதான். பக்கத்தின் போல்டர் முழுவதையும் காப்பி செய்து வேறு இடத்தில் வைத்துக் கொள்ளவும். பிறகு தள முகவரியில் பக்கத்தைத் திறந்து, எப்12 கீயை அழுத்தவும். குரோம், எட்ஜ், பயர்பாக்ஸ் மூன்றிலுமே டெவலப்பர் டூல்ஸ் என்ற பகுதி திறக்கும். சில லேப்டாப்களில் எப்என் கீயைச் சேர்த்து அழுத்த வேண்டியிருக்கும். அதில் இரண்டு டேப்கள் நமக்குப் போதும். ஒன்று கன்சோல், மற்றொன்று நெட்வொர்க். நெட்வொர்க் டேபைத் தேர்ந்தெடுத்து, எப்5 அழுத்திப் பக்கத்தை மீண்டும் திறக்கவும். பக்கத்துக்குத் தேவையான ஒவ்வொரு பைலும் ஒரு வரியாக வரும். 200 என்றால் கிடைத்துவிட்டது என்று பொருள். 404 என்றால், கேட்ட முகவரியில் அப்படி ஒரு பைல் இல்லை என்று சர்வர் பதில் சொல்கிறது.

அந்த வரியில் கிளிக் செய்தால், பிரவுசர் கேட்ட முழு முகவரியும் தெரியும். அதை எழுத்து எழுத்தாகப் படியுங்கள். பெரும்பாலான கோளாறுகளுக்கு விடை அந்த ஒரு வரியிலேயே இருக்கும்.

ஒரு நேரத்தில் ஒரே ஒரு மாற்றம். மாற்றியதும் மீண்டும் பார்க்கவும். ஐந்தைச் சேர்த்து மாற்றினால், எது சரி செய்தது, எது கெடுத்தது என்று தெரியாமல் போகும்.

கோளாறு 1: சி டிரைவைத் தேடும் படம்

என் பக்கத்தில் கன்சோல் டேபைப் பார்த்தபோது, எட்டுப் படங்களுக்குச் சிவப்பு வரிகள். உள்ளூர்ப் பைலைத் திறக்க அனுமதி இல்லை என்று செய்தி. காரணம், பக்கம் தயாரிக்கும் ஒரு புரோகிராமில் படங்களை மவுஸால் இழுத்துப் போட்டிருந்தேன். அது, படத்தின் முகவரியாக என் சி டிரைவின் முழுப் பாதையையும் எழுதி வைத்துவிட்டது. என் கம்ப்யூட்டரில் அந்தப் பாதை இருக்கிறது. அண்ணன் மகள் போனில் சி டிரைவ் ஏது?

தீர்வு எளிது. பக்கத்தின் பைல் இருக்கும் போல்டருக்குள்ளேயே இமேஜஸ் என்று ஒரு போல்டர் உருவாக்கி, எல்லாப் படங்களையும் அதில் போடவும். பக்கத்தில் படத்தின் முகவரியை, போல்டர் பெயர், ஒரு முன்சாய்வுக் கோடு, படத்தின் பெயர் என்ற அளவில் மட்டும் எழுதவும். முன்னால் சி டிரைவும் வேண்டாம், வேறெதுவும் வேண்டாம். இதைச் சார்புப் பாதை என்பார்கள். "நான் இருக்கும் இடத்திலிருந்து தேடு" என்று பிரவுசருக்குச் சொல்வதாகும். போல்டரை எங்கே தூக்கிப் போனாலும் படம் கூடவே வரும்.

பாதையின் முதல் எழுத்தாகவே சாய்வுக் கோடு போட்டுவிடக் கூடாது. அப்படிப் போட்டால் "தளத்தின் உச்சியிலிருந்து தேடு" என்று பொருள். உங்கள் பக்கம் தளத்துக்குள் ஒரு துணை போல்டரில் இருந்தால் படம் கிடைக்காது.

கோளாறு 2: பெரிய எழுத்து, சின்ன எழுத்து

எட்டுப் படங்கள் வந்துவிட்டன. மீதி ஆறு வரவில்லை. நெட்வொர்க் டேபில் ஆறு 404 வரிகள். முகவரியைப் பார்த்தால் சரியாகவே இருந்தது. இமேஜஸ் போல்டர், கழுத்து டிசைன் பெயர், கடைசியில் ஜேபிஜி. தளத்தில் உள்ள பைல் பட்டியலையும் பக்கத்தில் வைத்து ஒப்பிட்டேன். அப்போதுதான் கண்ணில் பட்டது. அந்த ஆறும் கேமராவில் எடுத்தவை. கேமரா, ஜேபிஜி என்பதைப் பெரிய எழுத்துகளில் வைத்திருந்தது. நான் பக்கத்தில் சின்ன எழுத்துகளில் எழுதியிருந்தேன்.

விண்டோஸ் வழக்கமாக இந்த இரண்டையும் ஒன்றாகவே எடுத்துக் கொள்ளும். அதனால் வீட்டில் படம் வந்தது. இணையத் தளங்களைத் தாங்கும் சர்வர்கள் பெரும்பாலும் லினக்சில் இயங்குகின்றன. லினக்சுக்குப் பெரிய எழுத்துப் பெயர் ஒரு பைல், சின்ன எழுத்துப் பெயர் இன்னொரு பைல்.

இதற்கு ஒரு கட்டுப்பாட்டை வைத்துக் கொள்ளுங்கள். பைல், போல்டர் பெயர்கள் எல்லாமே ஆங்கிலச் சின்ன எழுத்துகளில் இருக்கட்டும். பெயருக்கு நடுவில் இடைவெளி வேண்டாம், தேவையானால் சிறு கோடு போடவும். பெயர் மாற்றிய பைல்களை மீண்டும் அனுப்பிய பின், சர்வரில் பழைய பெயரில் கிடப்பவற்றை டெலீட் செய்திடவும்.

கோளாறு 3: வேர்டிலிருந்து வந்த விலைப்பட்டியல்

அக்கா தன் விலைப்பட்டியலை வேர்டில் தயாரித்துக் கொடுத்திருந்தார். அதில் நான்கு சின்னப் படங்கள். நான் சேவ் அஸ் சென்று, வெப் பேஜ் என்ற வகையைத் தேர்ந்தெடுத்து சேவ் செய்து, கிடைத்த பைலைத் தளத்துக்கு அனுப்பினேன். அங்கே படங்கள் இருந்த இடத்தில் வெற்றுக் கட்டங்கள்.

வேர்ட் இப்படி மாற்றும்போது ஒரு பைலை மட்டும் தருவதில்லை. எச்டிஎம் பைல் ஒன்று, அதே பெயருடன் பைல்ஸ் என்ற சொல் ஒட்டிய போல்டர் ஒன்று என இரண்டாகத் தருகிறது. படங்கள் எல்லாம் அந்தப் போல்டரில்தான் இருக்கும். விண்டோசில் இந்த இரண்டில் ஒன்றை நகர்த்தினால் மற்றதும் ஒட்டிக் கொண்டு நகரும். அதனால் நாம் கவனிப்பதில்லை. தளத்துக்கு அனுப்பும்போது அந்த ஒட்டுறவு கிடையாது. போல்டரையும் நாமே அனுப்ப வேண்டும். சேவ் செய்த பிறகு அந்தப் போல்டரின் பெயரை மாற்றவும் கூடாது. மாற்றினால், பைலுக்குள் பழைய பெயரே இருக்கும்.

விலைப்பட்டியல் போன்றவற்றுக்கு இன்னொரு சுலப வழி உண்டு. வேர்டிலேயே பிடிஎப் ஆக சேவ் செய்து, அந்த ஒரே பைலைத் தளத்தில் வைத்து, அதற்கு ஒரு லிங்க் கொடுத்துவிடலாம். படமும் எழுத்துருவும் உள்ளேயே அடங்கிவிடும். நான் அன்று இரவு இதைத்தான் செய்தேன்.

கோளாறு 4: கிறுக்கலாக மாறிய தமிழ்

படங்கள் முடிந்தன. தமிழ் எழுத்துகள் மட்டும் கிறுக்கலாகவே நின்றன. தலையில் சாய்கோடு போட்ட ஆங்கில ஏ எழுத்து, அதை அடுத்து வட்டத்துக்குள் ஆர், மீண்டும் அதே ஏ என்று வரிசையாக வந்தது. தமிழ்ப் பக்கங்களில் பலரும் இதைப் பார்த்திருப்பீர்கள்.

இதன் காரணம் சுவையானது. யுனிகோடில் உள்ள தமிழ்க் குறியீடு ஒவ்வொன்றும், யுடிஎப்-8 முறையில் மூன்று பைட்டுகளாக சேவ் ஆகிறது. படிக்கும் பிரவுசருக்கு இது யுடிஎப்-8 என்று தெரியாவிட்டால், ஒவ்வொரு பைட்டையும் ஐரோப்பிய எழுத்தாக எடுத்துக் கொண்டு காட்டும். தமிழுக்கான முதல் பைட்தான் அந்தச் சாய்கோடு போட்ட ஏ. இரண்டாவது பைட் பெரும்பாலும் அந்த வட்ட ஆர்.

வீட்டில் மட்டும் ஏன் சரியாக வந்தது? ஹார்ட் டிஸ்க்கில் உள்ள பைலை டபுள் கிளிக் செய்து திறக்கும்போது, குரோமும் பயர்பாக்சும் தாமே ஆராய்ந்து யுடிஎப்-8 என்று கண்டுகொள்ளும். இணையத்திலிருந்து வரும் பக்கத்துக்கு இந்தச் சலுகை இல்லை. அதை நாம்தான் சொல்ல வேண்டும்.

பக்கத்தின் ஹெட் பகுதி தொடங்கியதும், முதல் வரியாக மெட்டா என்ற டேகை எழுதி, அதனுள் சார்செட் என்பதற்கு யுடிஎப்-8 என்று மதிப்பு கொடுக்கவும். இந்த வரி பைலின் முதல் 1024 பைட்டுகளுக்குள் வந்துவிட வேண்டும் என்பது விதி. எனவே தலைப்புக்கும் முன்னால் எழுதிவிடுவது நல்லது. நான் அந்த ஒரு வரியைச் சேர்த்தேன். பக்கம் முழுவதும் தமிழாக மாறியது.

எழுத்துக் கோளாறைப் பார்த்தவுடன் வகை பிரிக்கக் கற்றுக் கொள்ளுங்கள்.

ஐரோப்பியக் கிறுக்கல் வந்தால், பைல் நன்றாக இருக்கிறது, அறிவிப்பு வரிதான் இல்லை. மேலே சொன்னபடி சேர்த்தால் போதும்.

கேள்விக்குறிகளாக வந்தால், சேவ் செய்யும்போதே எழுத்துகள் தொலைந்திருக்கலாம். பழைய விண்டோசில் நோட்பேட் வழக்கமாக ஆன்சி முறையில் சேவ் செய்யும். அதில் தமிழுக்கு இடமில்லை. தொலைந்ததை மீண்டும் டைப் செய்து, சேவ் அஸ் கட்டத்தின் கீழே என்கோடிங் என்ற இடத்தில் யுடிஎப்-8 தேர்ந்தெடுக்கவும். விண்டோஸ் 10-க்கு 2019 மே மாதம் வந்த அப்டேட்டிலிருந்து நோட்பேட் வழக்கமாகவே யுடிஎப்-8-ல் சேவ் செய்கிறது.

பொருளற்ற ஆங்கில எழுத்துகளாக வந்தால், அது பாமினி, வானவில் போன்ற பழைய எழுத்துருவில் டைப் செய்ததாக இருக்கும். அந்த எழுத்துரு உங்கள் கம்ப்யூட்டரில் இருக்கிறது, பார்ப்பவரிடம் இல்லை. யுனிகோடுக்கு மாற்றித்தான் பக்கத்தில் வைக்க வேண்டும்.

கோளாறு 5: சரி செய்தும் பழையதே வருகிறது

எல்லாம் சரி செய்து அனுப்பிவிட்டேன். பிரவுசரில் பழைய பக்கமே வந்து கொண்டிருந்தது. இங்கேதான் பலர் சரியாகச் செய்ததையும் மீண்டும் கெடுத்துவிடுகிறார்கள். பிரவுசர், ஒருமுறை இறக்கிய பைல்களைத் தன்னிடம் சேமித்து வைத்துக் கொள்ளும். இதைக் கேஷ் என்பார்கள். கண்ட்ரோல் கீயுடன் எப்5 அழுத்தினால், சேமிப்பை ஒதுக்கிவிட்டுப் புதிதாக இறக்கும். குரோமிலும் எட்ஜிலும் கண்ட்ரோல், ஷிப்ட், என் மூன்றையும் அழுத்தித் தனி விண்டோ திறந்தும் பார்க்கலாம். அப்போதும் பழையது வந்தால், சரியான போல்டருக்குத்தான் அனுப்பினோமா என்று பார்க்கவும்.

கோளாறு 6: கார்டில் இருந்த முகவரி

இரவு ஒன்பதரை மணி. பக்கம் சரியாகிவிட்டது. அக்காவின் போனில் லிங்கைத் திறந்து காட்டினேன். 14 படங்களும் வந்தன. அக்காவுக்கு முகம் மலர்ந்தது. போகும்போது ஒரு கார்டை என் மேசையில் வைத்தார். அதைக் கையில் எடுத்து, அதில் அச்சடித்திருந்தபடியே முகவரியைப் போனில் டைப் செய்து பார்த்தேன்.

404.

நான் லிங்க்கைக் காப்பி செய்து அனுப்பியதால் இதுவரை தெரியவில்லை. என் தளத்துக்குள் அக்காவுக்காக உருவாக்கிய போல்டர் ஆரி. அதன் முதல் எழுத்தைப் பெரிய எழுத்தாக வைத்திருந்தேன். கார்டில் எல்லாமே சின்ன எழுத்து. தளத்தின் பெயரில் பெரிய எழுத்து, சின்ன எழுத்து வேறுபாடு கிடையாது. அதற்குப் பின் சாய்வுக் கோட்டைத் தாண்டி வரும் பகுதியில் உண்டு. கோளாறு 2-ல் படித்த பாடமேதான், இம்முறை போல்டர் பெயரில்.

அச்சடித்த 300 கார்டுகளை மாற்ற முடியாது. போல்டர் பெயரை மாற்ற ஒரு நிமிடம் போதும். சின்ன எழுத்தாக மாற்றினேன். உள்ளே படங்கள் எல்லாம் சார்புப் பாதையில் இருந்ததால், வேறு எதையும் தொடத் தேவை இருக்கவில்லை.

போல்டர் முகவரியை மட்டும் கொடுத்தால் பக்கம் திறக்க வேண்டும் என்றால், முதல் பக்கத்தின் பெயர் இன்டெக்ஸ்.எச்டிஎம்எல் என்று சின்ன எழுத்தில் இருக்க வேண்டும். பெரும்பாலான சர்வர்கள் அந்தப் பெயரைத்தான் தேடும். நோட்பேடில் சேவ் செய்யும்போது அதன் வாலில் டிஎக்ஸ்டி என்று ஒட்டிக் கொள்வதும் உண்டு. விண்டோஸ் அதை மறைத்து வைப்பதால் நமக்குத் தெரியாது. விண்டோஸ் 11-ல் பைல் எக்ஸ்புளோரரைத் திறந்து வியூ, ஷோ, பைல் நேம் எக்ஸ்டென்ஷன்ஸ் என்று சென்றால் முழுப் பெயரும் தெரியும். விண்டோஸ் 10-ல் வியூ டேபிலேயே அந்தக் கட்டம் இருக்கும்.

கல்லூரிப் பிள்ளைகளுக்கு ஒரு வார்த்தை

உங்கள் வீட்டில் பொறியியல் படிக்கும் பிள்ளைகள் வீட் போன்ற கருவிகளில் பக்கம் செய்யலாம். அங்கேயும் இதே கதைதான், பெயர்தான் வேறு. எழுதிய போல்டரை அப்படியே அனுப்பக் கூடாது. பில்ட் கட்டளை கொடுத்தால் டிஸ்ட் என்ற போல்டர் உருவாகும். அதற்குள் இருப்பவற்றைத்தான் அனுப்ப வேண்டும். வீட்டின் கான்பிக் பைலில் பேஸ் என்ற அமைப்பு, எதுவும் சொல்லாவிட்டால் ஒரு சாய்வுக் கோடாக இருக்கும். அதாவது தளத்தின் உச்சி. பக்கம் துணை போல்டரில் இருக்கப் போகிறது என்றால், அந்தப் போல்டர் பெயரை இருபுறமும் சாய்வுக் கோடுடன் அங்கே எழுதி, மீண்டும் பில்ட் செய்ய வேண்டும். இல்லாவிட்டால் வெள்ளைப் பக்கம் வரும், நெட்வொர்க் டேபில் 404 வரிசையாக நிற்கும்.

அனுப்பும் முன்னும் பின்னும்

1. போல்டரைப் பென் டிரைவில் காப்பி செய்து, வேறு கம்ப்யூட்டரில் திறந்து பாருங்கள். சி டிரைவ் பாதை, விடுபட்ட போல்டர், இல்லாத எழுத்துரு மூன்றும் இங்கேயே பிடிபடும்.

2. பெரிய எழுத்துக் கோளாறும், தமிழ்க் கிறுக்கலும் பென் டிரைவ் சோதனையில் பிடிபடாமல் போகலாம். எனவே தளத்துக்கு அனுப்பிய பின், தள முகவரியில் போனில் திறந்து பாருங்கள்.

3. எப்12 அழுத்தி, 404 ஒன்றுகூட இல்லை என்று உறுதி செய்யுங்கள்.

4. முகவரியைக் காப்பி செய்யாதீர்கள். நீங்கள் யாருக்குக் கொடுத்தீர்களோ, அவர் டைப் செய்வதுபோல ஒருமுறை டைப் செய்யுங்கள்.

5. இதை எல்லாம் கார்டு அச்சடிக்கும் முன்பே செய்யுங்கள்!

ஞாயிறு மதியம் அக்காவிடமிருந்து போன் வந்தது. "தம்பி, ஒரு அம்மா கார்டைப் பார்த்து அங்கேயே போனில் தட்டிப் பார்த்துட்டு, மூணாவது படத்துல இருக்கிற கழுத்து மாதிரியே வேணும்னு சொல்லி அட்வான்ஸ் கொடுத்துட்டாங்க" என்றார். அந்த மூன்றாவது படம், கேமராவில் எடுத்த ஆறில் ஒன்று. முந்தின நாள் மாலை வரை அது என் கம்ப்யூட்டரில் மட்டும்தான் வந்து கொண்டிருந்தது.